பஞ்சில் பிழிந்த தண்ணீர்

டீச்சரம்மா எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சராக இருந்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவிலை ஒட்டிய அறையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பாள். அதனால் வந்த பட்டம் அது. பட்டம் அவளுக்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் அங்கே டாக்டர்கள்கூட, "டீச்சரம்மா, தியேட்டருக்குப் பச்சைத் துணி வரலையே" என்றுதான் கேட்பார்கள்.

ஊர்க் கத்தோலிக்கப் பங்கில் கோவில் மூன்று, சாமியார் ஒருவர். இளவயதுக்காரர். ஸ்கூட்டரில் வந்து இறங்குவார், பூசை வைப்பார், கும்பிட்டவர்கள் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்திருப்பதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அடுத்த கோவிலுக்குக் கிளம்பிவிடுவார். மற்றபடி கோவில் நடப்பது ஊர்க்காரர்கள் கையால்தான். வாசகம் படிக்க ஓய்வுபெற்ற தபால்காரர். பாட்டுக்கு ரொட்டிக்கடைக்காரர், சுருதி சேராவிட்டாலும் குரல் சேரும். நடக்க முடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுபோவது மருந்துக்கடை அம்மாள். பீடத்துணி துவைப்பதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவிருக்கும் பெற்றோரைத் தயார்செய்வதும் டீச்சரம்மா பொறுப்பு. இந்தக் கடைசிப் பொறுப்புதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குரல்வளையைப் பிடித்தது.

வகுப்புக்கு நான்கு ஜோடிகள் வந்திருந்தார்கள். முதல் பெஞ்சில் அவளுடைய தம்பியும் தம்பி பெண்டாட்டியும். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் பெண்டாட்டி பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவள். இருவர் மடிக்கும் நடுவே பதின்மூன்று மாதக் குழந்தை உட்கார்ந்து விண்ணப்பப் படிவத்தின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தது. ஏழாம் மாதத்தில் பிறந்தபோது ஆஸ்பத்திரி நர்சுகள் அதற்குக் 'கடுகு' என்று பெயர் வைத்தார்கள். இப்போது தூக்கினால் இடுப்பு வலிக்கிறது, பெயர் மட்டும் கடுகாகவே இருக்கிறது.

டீச்சரம்மா ஒரு ரப்பர் பொம்மையை இடது கையில் ஏந்தி, வலது கையில் குவளையோடு நின்றாள். பொம்மைக்கு ஒரு கை கிடையாது. பதினைந்து வருஷத்தில் அதன் தலையில் விழுந்த தண்ணீரைச் சேர்த்தால் ஒரு தொட்டி நிறையும்.

தண்ணீர் தலையில் ஓடவேண்டும், தொட்டு வைத்தால் போதாது என்றாள். ஊற்றும்போதே வார்த்தையும் சொல்லவேண்டும் என்றாள். ஒரு ஆளுக்கு ஆயுளில் ஒரு தடவைதான், இன்னொரு தடவை எந்தப் பிஷப்பு வந்து ஊற்றினாலும் அது ஞானஸ்நானம் ஆகாது என்றாள். பிறகு, வழக்கமாகச் சொல்வதுதானே என்று நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: குழந்தை சாகக் கிடக்கிறது, சாமியார் பக்கத்தில் இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம்.

"யாருன்னா?" என்று கேட்டான் தம்பி.

அவன் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. கோவிலுக்குள் வருவதே மூன்று வருஷம் கழித்து இப்போதுதான்.

"யாருன்னாலும்தான். அம்மா, அப்பா, நர்சு, பக்கத்துக் கட்டில்காரங்க."

"சாமி மேல கோவமா இருக்கறவன்? நம்பிக்கையே விட்டுப்போனவன் ஊத்தினா?"

"செல்லும். கோவில்ல செய்யறதைத்தான் நானும் செய்யறேன்னு நினைச்சுச் செஞ்சாப் போதும். ஆனா ஊத்தினவங்க அப்புறமா வந்து சாமியார்கிட்ட சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

குவளையிலிருந்து தண்ணீர் அவள் செருப்பில் சிந்தியது. தெரிந்துவிட்டது, அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நாலு பேர் முன்னால் வைத்து வாயைக் கிளறுகிறான் என்று நினைத்தாள்.

"சொல்லலைன்னாலும் ஊத்தினது ஊத்தினதுதான்" என்றாள், பொம்மையைப் பார்த்துக்கொண்டு.

அவன் தலையைக் குனிந்து குழந்தையின் வாயிலிருந்து படிவத்தை எடுத்துத் துடைத்தான்.

டீச்சரம்மாவின் பயத்தைப் புரிந்துகொள்ள மூன்று வருஷம் பின்னால் போகவேண்டும். தம்பிக்கு முதலில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. கடுகு பிறந்த அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. குழந்தை தேறாது என்று டாக்டர் சொன்னதும் டீச்சரம்மாதான் குவளையில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். இருபது நிமிஷத்தில் குழந்தை போய்விட்டது. அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் போய் யார் நியாயம் பேசுவது? தண்ணீர் பட்டதும் உயிர் போனது என்பதைத்தான் அவன் கண் பார்த்தது. எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அக்காவோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைத்தால் சாப்பிடுவான், அவ்வளவுதான்.

கடுகு பிறந்த அன்று அவன் அவளைச் சலவைக்கூடத்து வாசலுக்கே தேடி வந்தான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, இவ தலையில நீ தண்ணி ஊத்தக்கூடாது. என்ன ஆனாலும் சரி. ஊத்தினா நாமளே அவளை அனுப்பி வைக்கிற மாதிரி. சத்தியம் பண்ணு."

அவன் நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அப்பா அம்மா போனபின் அவள் வளர்த்த பிள்ளை அவன். கல்யாணம், குடித்தனம் என்று தனக்கொன்று தேடிக்கொள்ளாமல் போனதற்கும் அவன்தான் காரணம். அதை ஒருநாளும் அவள் குறையாகச் சொன்னதில்லை.

நான்காம் நாள் காலை ஆறேகால் மணி. அழுக்குத் துணி எடுக்க அவள் தள்ளுவண்டியோடு மேலே போனாள். தம்பி வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தான். தம்பி பெண்டாட்டி வராந்தா நாற்காலியில் தையல் வலியோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. டாக்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டு நர்ஸ் தனியாக நின்றாள். "டீச்சரம்மா, உங்க கோவில்ல செய்யறது ஏதாவது செய்யணும்னா இப்பவே செஞ்சுடுங்க. குவளையெல்லாம் உள்ள விடமாட்டேன்" என்று, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரு உருண்டைப் பஞ்சை முக்கிக் கொடுத்தாள்.

சத்தியம் ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. இருந்தும் பெட்டியின் வட்ட ஓட்டைக்குள் கையை விட்டுப் பஞ்சைப் பிழிந்தாள், மூன்று தடவை. வார்த்தையைச் சொன்னாள். குழந்தையைக் கூப்பிட வேறு பெயர் இல்லாததால் 'கடுகே' என்று சொல்லித்தான் தொடங்கினாள்.

டாக்டர் ஓடி வந்து பார்த்தால் மூச்சு விடப் பொருத்தியிருந்த குழாய் அடைத்திருந்தது. மாற்றினார்கள். எட்டு மணிக்குக் குழந்தை ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை டீச்சரம்மா அந்தப் பஞ்சைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, சாமியாரிடம்கூட. 'வந்து சொல்லணும்' என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள்.

குழந்தை வீட்டுக்கு வந்தபின் ஒரு விஷயம் நடந்தது. புட்டிப்பால் கொடுப்பாள், தூங்கவைப்பாள், மலம் கழுவுவாள், எல்லாம் டீச்சரம்மாதான். குளிப்பாட்டுகிற வேலை மட்டும் அவளுக்குக் கிடையாது. ஒருமுறை வாளியில் வெந்நீர் கலந்துவிட்டுக் குழந்தைக்குக் கை நீட்டியபோது, "விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று தம்பி வாங்கிக்கொண்டான். குரலை உயர்த்தவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. காரணம் அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே துணி துவைக்கிறவள் அந்த ஒரு தலையைக் கழுவக்கூடாது. அன்றிலிருந்து, குழந்தை குளிக்கிற நேரத்தில் அவளுக்கு ஏதாவது ஒரு வேலை அடுப்படியில் வந்துவிடும்.

இப்போது அவனே மனம் இறங்கிக் கோவிலுக்கு வந்திருக்கிறான். "நல்லா இருக்கற குழந்தைக்கு, பகல் வெளிச்சத்துல, எல்லாரும் பாக்க, நான் கையில பிடிச்சுக்கிட்டு ஊத்தணும்" என்று ரொட்டிக்கடைக்காரரிடம் கேக்கு சொல்லும்போது சொன்னானாம். வர்ற ஞாயிறு என்று நாளும் குறித்தாகிவிட்டது.

திங்கட்கிழமை படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். குழந்தை பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானத்தாய், ஞானத்தகப்பன், எல்லாம் எழுதினாள். கடைசியிலிருந்து இரண்டாவது வரி: 'அவசர ஞானஸ்நானம் பெற்றதா? ஆம் எனில் கொடுத்தவர் யார்?' எத்தனையோ குழந்தைகளுக்கு அந்த இடத்தில் யோசிக்காமல் 'இல்லை' போட்டிருக்கிறாள். பேனாவை மூடிவைத்தாள்.

புதன்கிழமை சாமியார் பீடத்துணி வாங்கச் சலவைக்கூடத்துக்கே வந்தார். உள்ளே ஆவி மண்டியிருந்தது. ரத்தம் பட்ட விரிப்புகள் ஒரு பக்கம் பச்சைத் தண்ணீரில் ஊறின. வெந்நீரில் போட்டால் கறை நின்றுவிடும். நடுவில் பெரிய ரோலர். பிழிந்து வந்த விரிப்பை டீச்சரம்மா கையால் ஒருதரம் அழுத்திப் பார்ப்பாள். வெறும் ஈரம் என்றால் ரோலருக்குள் போகும். சொட்டினால் மறுபடி பிழியப் போகவேண்டும். பார்க்காமல் விட்டால் ரோலர் சூடு இறங்கி அத்தனை வேலையும் கெடும். நாளுக்கு நானூறு விரிப்பு, இந்த ஒரு தீர்ப்பை நானூறு தடவை அவள் கை சொல்லும்.

ஒரு வீட்டுச் சங்கதி, ஃபாதர், என்று ஆரம்பித்தாள். யாரோ சாகக் கிடந்த குழந்தைக்குப் பஞ்சால் ஊற்றினார்களாம், குழந்தை பிழைத்துவிட்டதாம், இப்போது கோவிலில் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள்.

"பஞ்சுலயா? தண்ணி ஓடுச்சா, இல்ல ஈரமாச்சா?"

"அது… சரியாத் தெரியலையாம், ஃபாதர்."

"நிஜமாவே சந்தேகம்னா ஒரு வழி இருக்கு. 'நீ இதுக்கு முன்னால பெறலைன்னா' அப்படின்னு சேத்துச் சொல்லி ஊத்துவோம். ஆனா நிஜமான சந்தேகமா இருக்கணும். வசதிக்குச் சந்தேகப்படக்கூடாது." அவர் துணிக்கட்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நீங்களே அவங்களைக் கேட்டு முடிவு பண்ணுங்க. ஈரத்துக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதா? உள்ளதைப் படிவத்துல எழுதிடுங்க. நீங்க எழுதினதை நான் என்னைக்குத் திருப்பிப் பாத்தேன்?"

போய்விட்டார். நல்ல மனுஷர், நம்பினதாலேயே அவள் தலையில் பாறாங்கல்லை வைத்துவிட்டுப் போனார்.

அவளுக்குச் சந்தேகமே இல்லை என்பதுதான் சங்கடம். பஞ்சிலிருந்து இறங்கிய தண்ணீர் குழந்தையின் நெற்றியில் ஓடிப் பொட்டைத் தாண்டிக் காதுக்குப் பின்னால் இறங்கித் தலைக்கடியில் இருந்த துணியை நனைத்தது. நர்ஸ் துணியை மாற்றி நனைந்ததை அவள் வண்டியிலேயே போட்டாள். அதை அவளே பிழிந்தாள். சொட்டியது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை எழுதினால் எல்லாம் சுமுகமாக முடியும். கேக்கு வெட்டலாம், தம்பி சிரிப்பான். ஆனால் சாமியார் குழந்தையின் தலையில் ஊற்றுவது வெறும் தண்ணீராக இருக்கும், அது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். ரப்பர் பொம்மையை இனி எந்த முகத்தோடு தூக்குவாள்? 'ஆம்' என்று எழுதினால் தம்பி போய்விடுவான். எட்டு மாதம் பேசாமலிருந்தவன் இந்தமுறை ஆயுளுக்கும் பேசமாட்டான், குழந்தையையும் கண்ணில் காட்டமாட்டான் என்று உறுதியாக நம்பினாள். இந்த வயதில் அந்த இரண்டு அறை வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லாமல் இருக்க அவளால் முடியாது.

சனிக்கிழமை மதியம். படிவத்தை மாலைக்குள் கொடுக்கவேண்டும். அடுப்படி மேஜைமேல் போர்வையை மடித்துப் போட்டுக் குழந்தையின் வெள்ளைக் கவுனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி ஸ்டூலில் ஏறி அறைக்குப் புது பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். தம்பி பெண்டாட்டி நாளைய விருந்துக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கடுகு தரையில் முட்டை ஓட்டைப் பொறுக்கியது. அவன் ஏதோ பாட்டு முணுமுணுத்தான், அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தம்பி, நாளைக்குத் தண்ணி ஊத்தமுடியாது."

"ஏன், ஃபாதர் வரலையா?"

"வருவார். எண்ணெய் பூசுவார், வெள்ளைத் துணி போடுவார், மெழுகுவத்தி கொடுப்பார். தண்ணி மட்டும் கிடையாது. அது ஏற்கெனவே ஊத்தியாச்சு. நான்தான் ஊத்தினேன்."

ஸ்டூலிலிருந்து இறங்கினான். கையிலிருந்த பழைய பல்பை மேஜைமேல் வைத்தான். அது உருண்டது, தம்பி பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள்.

"எப்போ?"

"ஆஸ்பத்திரியில. நாலாம் நாள் காலையில. நீலமாக் கிடந்தா. நீ வீட்டுக்குப் போயிருந்தே."

"சத்தியம் பண்ணினே."

"பண்ணினேன். மீறிட்டேன். உன்கிட்டயும் மறைச்சேன், சாமியார்கிட்டயும் மறைச்சேன். இப்போ நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா இல்லைன்னு மட்டும் என்னால எழுதமுடியாது."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது. முன்பும் இப்படித்தான், எட்டு மாதம் அவள் பார்த்தது இந்த முதுகைத்தான்.

"நாலாம் நாளா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நாலாம் நாள்தான். ஏன்?"

தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறான் என்றுதான் நினைத்தாள்.

"நான் ரெண்டாம் நாளே ஊத்திட்டேன்க்கா."

இஸ்திரிப்பெட்டியின் விளக்கு அணைந்து எரிந்தது. அவளுக்கு அவன் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அவன் திரும்பாமலே சொன்னான். சத்தியம் வாங்கிய மறுநாள் மதியம். பால் எடுக்கப் பெண்டாட்டியைக் கூட்டிப்போயிருந்தார்கள். பெட்டிக்கு முன்னால் தனியாக நின்றான். முதல் குழந்தையை நினைத்தான். இவளும் போய்விட்டால் அவனாவது ஞானஸ்நானம் பெற்றுப் போனான், இவள் எதுவும் இல்லாமல் போவாளே என்று தோன்றியது. காலையில்தான் சாமியை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டான், கிரீஸ் நகக்கண்ணில் இருந்து போகவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியில் பிடித்து, ஓட்டை வழியாகக் கையை விட்டு ஊற்றிவிட்டான்.

"உன்னை வேண்டாம்னு சொல்லிட்டு நானே ஊத்தினேன்னு எந்த மூஞ்சியை வெச்சுச் சொல்ல? அதுவுமில்லாம, நான் இருந்த கோவத்துக்கு அது செல்லாதுன்னு நினைச்சேன். அதான் கோவில்ல ஒழுங்கா ஊத்தலாம்னு வந்தேன். போன வாரம் வகுப்புல நீ செல்லும்னு சொன்னே. அன்னையிலிருந்து எனக்குத் தூக்கமில்லை."

டீச்சரம்மா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்று வகுப்பில் அவளை மடக்கக் கேட்டதல்ல அது. தன்னைப் பற்றித்தான் கேட்டிருக்கிறான்.

"தண்ணி ஓடுச்சா?" என்றாள்.

"கண்ணுல பட்டுடுமோன்னு பயந்தேன். காதுப் பக்கம் ஓடுச்சு."

"வார்த்தை?"

"நீ சொல்லிக்கொடுத்ததுதான். ஏழு வயசுல தப்பாச் சொன்னதுக்கு மண்டையில குட்டினியே, அது. பேர் வெக்கலை அப்போ. 'மகளே'ன்னு சொன்னேன். 'மகளே, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்'."

டீச்சரம்மாவின் உதடும் கூடவே அசைந்தது.

அடுத்துப் பேசியது தம்பி பெண்டாட்டி. உரித்த முட்டையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, பஸ்ஸில் சில்லறை தராதவனைப் பார்க்கிற பார்வையோடு இருவரையும் பார்த்தாள்.

"பெத்தவ நான் அங்கயேதான் இருந்தேன், அண்ணி. இவர் ரெண்டாம் நாள், நீங்க நாலாம் நாள். ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? நான் இத்தனை மாசமா, இவளுக்கு ஒண்ணுமே செய்யலையே, ராத்திரி ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு பயந்து பயந்து மூச்சைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டிருந்தேன்."

டீச்சரம்மா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தாள். கையில் முட்டை ஓடு ஒட்டியிருந்தது. "தப்புதாம்மா. பெரிய தப்பு" என்றாள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, முகம் மட்டும் இறுகியே இருந்தது. அது இறங்க இன்னும் நாளாகும்.

படிவத்தைத் தம்பி பெண்டாட்டிதான் இழுத்து முன்னால் வைத்தாள். மூலை குழந்தையின் எச்சிலில் நைந்திருந்தது. 'கொடுத்தவர் யார்' என்ற இடத்தில் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் 'குழந்தையின் தகப்பன்' என்று எழுதி, தேதியையும் போட்டாள். தம்பி அதை நின்றபடியே இரண்டு தரம் படித்தான்.

"அப்போ நாலாம் நாள் நீ ஊத்தினது?"

"ஒரு தடவைதான்டா. ரெண்டாவது ஆகாது. வகுப்புல கேக்கலையா?"

"பின்ன நீ என்னதான் செஞ்சே?"

"தலையைக் கழுவிவிட்டேன். வேறென்ன" என்றாள் டீச்சரம்மா. சொன்னபிறகுதான் அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கவுனில் சொட்டிவிடப்போகிறதே என்று தள்ளி நின்றாள்.

அவன் கொஞ்சநேரம் அவளுடைய கைகளையே பார்த்தான். வெந்நீரிலும் சோடாவிலும் ஊறி வெளுத்து விரல்நுனி சுருங்கிப்போன கைகள். பெரியவனுக்கு ஊற்றியது இந்தக் கை, இவளுக்கும் ஊற்றியிருக்கிறது. இவள் இதோ உட்கார்ந்து முட்டை ஓட்டைத் தின்னப் பார்க்கிறாள்.

குனிந்து குழந்தையைத் தூக்கினான். வாயிலிருந்து ஓட்டைத் தோண்டி எடுத்தான். அப்படியே கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினான்.

"நாளைக்கு எண்ணெய் பூசறதுக்குத் தலை சுத்தமா இருக்கணும்ல. இன்னைக்கு நீயே குளிப்பாட்டிடுக்கா."

அவள் உடனே வாங்கவில்லை. அவன் கையை இன்னும் நீட்டிக்கொண்டே நின்றான். பிறகு வாங்கினாள்.

தம்பி பெண்டாட்டி எழுந்து வாளியில் வெந்நீர் கலந்து வைத்தாள். டீச்சரம்மா தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக் குழந்தையை அதன்மேல் கிடத்தினாள். சூட்டை முழங்கையில் தொட்டுப் பார்த்தாள். குவளையில் மொண்டு தலையில் ஊற்றினாள். தண்ணீர் நெற்றியில் ஓடி, பொட்டைத் தாண்டி, காதுக்குப் பின்னால் இறங்கியது. கடுகு வீறிட்டு அழுதது. இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா வார்த்தை எதுவும் சொல்லாமல், சோப்பை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.